பொடக்காலி இல்லாத வீட்டில் ஒரு பொடக்காலி: கொங்கு வீடுகளுக்கான பழக்க வழிகாட்டி

என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம். அங்கே ஒரு துவைக்கிற கல், ஒரு தண்ணித் தொட்டி, சாம்பல் போட்டு வைத்த உடைந்த சட்டி, அதன்மேல் ஒரு பிடி தேங்காய் நார். பாத்திரம் கழுவிய தண்ணீர் சலதாரை வழியாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் பாயும். அரிசி களைந்த தண்ணீரும் மிச்சச் சோறும் கழனித்தொட்டிக்குப் போகும். காய்த்தோல் எருமைக்கு. சீமாறால் கூட்டி அள்ளியது எருக்குழிக்கு. கோடை உழவுக்கு முன்னால் அந்த எரு வண்டியேறிக் காட்டுக்குப் போய்விடும். அந்த வீட்டில் யாரும் ‘சுற்றுச்சூழல்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நான் இருப்பது திருப்பூரில் ஒரு மாடி வீடு. பின்பக்கம் மூன்றடிச் சந்து, அதிலும் பாதியை மோட்டாரும் கேஸ் சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. அதே குடும்பம், அதே கைகள்தான். ஆனால் வாழைத்தோலும் பால் கவரும் பேட்டரியும் ஒரே பையில் முடிச்சாகி வாசலுக்குப் போயின. பழக்கத்துக்கு இருந்த இடம் போனதும் பழக்கமும் கூடவே போய்விட்டது. இது புரிய எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

அதனால் இந்த வழிகாட்டியில் ‘மனதில் உறுதி எடுங்கள்’ என்ற பேச்சே வராது. எந்தப் பொருளை எங்கே வைப்பது, எந்த வாளி எந்தக் குழாய்க்கு அடியில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கிப் பதினோராம் நாள் கைவிட்டேன். ஒரு படி நிலைத்த பிறகு அடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் சரியாக வரும்.

முதல் படி: ஒரு வாரக் குப்பையை எடை போடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் எப்போதும்போலக் குப்பை போடுங்கள், ஆனால் வெளியே வைப்பதற்கு முன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கையுறை இல்லாவிட்டால் இரண்டு ரொட்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும். மூன்று குவியலாகப் பிரித்துத் தராசில் வையுங்கள்: மக்குவது, மக்காதது, தொடக்கூடாதது. தொடக்கூடாதது என்றால் டயபர், நாப்கின், மருந்து, பேட்டரி, உடைந்த டியூப்லைட் வகை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். ஈரக் குப்பைதான் எடையில் முக்கால் பங்குக்கு மேல். பிளாஸ்டிக் ஒரு கிலோகூட வரவில்லை, ஆனால் இடத்தில் பாதியை அதுதான் அடைத்தது. இந்த ஒரு காட்சியைப் பார்த்த பிறகு வரிசை தானாக முடிவாகிவிட்டது. முதலில் கனமானதை வீட்டிலேயே நிறுத்த வேண்டும். அது நின்றால் மிச்சம் நாறாது, நாறாத குப்பையைப் பிரிக்க யாருக்கும் முகம் சுளிக்காது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஈரக் குப்பை கலந்த பை கிடங்கில் போய்க் குவிந்தால் உள்ளே காற்று இல்லாமல் அழுகும், மீத்தேன் வரும், அது தீப்பிடிக்கும். கோவை வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தபோது சுற்று வட்டாரம் புகையில் திணறியது நம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் படி: மூன்று வாளி, மூன்று இடம்

மூன்று வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அவசரத்தில் கை எந்த வாளிக்கும் போகும்.

ஈரக் குப்பைக்கான சின்ன வாளி, மூடியோடு, காய் நறுக்கும் மேடைக்கு அடியில். உலர்ந்ததற்கு ஒரு கோணிப்பை, சமையலறைக்கு வெளியே, ஆணியில் மாட்டி. மூன்றாவது ஒரு பழைய பிஸ்கட் டின், குளியலறைக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில். நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள். அள்ளுகிறவர் கையில் ரத்தம் படாமல் இருக்க அந்தக் கோடு ஒன்றே போதும்.

உலர்ந்த கோணியில் போடுவதற்கு முன் பால் கவரை ஒரு முறை அலசுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். பால் கவரின் முனையை வெட்டும்போது அந்தக் குட்டி முக்கோணத் துண்டைத் தனியாக்கிவிடாதீர்கள், கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். கவரைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அந்த முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது, அது சலதாரையில்தான் போய்ச் சேரும். பேப்பர், அட்டை, தண்ணீர் பாட்டில், இரும்பு, அலுமினியம் எல்லாம் கடையில் காசாகும். உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட் காசாகாது. அது பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது.

மூன்றாம் படி: எருக்குழியை ஒரு பெயிண்ட் வாளிக்குள் கொண்டு வருவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில்தான் முதல் தடவை தோற்றேன். வாளி நிறையப் புழு, வீடு நிறைய வாடை, கீழ் வீட்டிலிருந்து புகார். தப்பு என்னுடையதுதான். ஈரத்தை மட்டும் போட்டேன், காய்ந்ததைப் போடவில்லை.

தேவையானது: 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு. பெயிண்ட் அடிக்கிறவரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார், நன்றாகக் கழுவிக் காய வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை இருபது முப்பது ஓட்டை, அடியில் ஐந்தாறு. சூடாக்கிய கம்பியால் போடலாம், திறந்த வெளியில் நின்று போடுங்கள். அடியில் ஒரு தட்டு.

அப்புறம் காய்ந்த பொருள். இங்கேதான் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் நார் மில் இருக்கிற இடத்திலெல்லாம் நார்த்தூள் மேடு மேடாகக் கிடக்கிறது. ஒரு மூட்டை கொண்டு வந்தால் பல மாதத்துக்கு வரும். உப்புப் போக ஒருமுறை தண்ணீரில் அலசிக் காய வைத்துவிடுங்கள். நார்த்தூள் கிடைக்காவிட்டால் வேப்பஞ்சருகு, கடலைத்தோல், மரத்தூள், எது கிடைத்தாலும் சரி.

அடுக்குவது இப்படி. வாளியின் அடியில் நான்கு விரல் உயரம் நார்த்தூள். அதன்மேல் ஒரு கை நிறையத் தோட்டத்து மண் அல்லது பழைய தொழு உரம், இரண்டு கரண்டி புளித்த மோர். இது உறைமோர் மாதிரி, நுண்ணுயிரி இதில்தான் வருகிறது. தினமும் இரவு அன்றைய காய்த்தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாவற்றையும் போடுங்கள். பெரிய துண்டை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். ஒவ்வொரு நாளும் ஈரத்தை மறைக்கும் அளவுக்கு நார்த்தூளைத் தூவி மூடுங்கள். மேலே ஒரு தோல்கூடக் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மூடியை ஒருக்களித்து வைத்தால் ஈ வராது, காற்றும் போகும்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். இரண்டு மூன்று சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் நார்த்தூள் சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாடை அடித்தால் ஈரம் அதிகம் என்று பொருள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது. வெள்ளைப் புழு வந்தால் பயம் வேண்டாம், அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈ (black soldier fly) என்ற ஈயின் புழு, கடிக்காது, குப்பையைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் நார்த்தூளைக் கூட்டிப் போடுங்கள், குறையும்.

கறி, மீன், எலும்பு, எண்ணெய் இதில் சேர்க்காதீர்கள். சாதம் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. எலுமிச்சைத் தோல் நிறையப் போட்டால் புளிப்பேறி வேலை மெதுவாகும்.

ஒரு வாளி நிரம்பியதும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். முதல் வாளி இரண்டு மாத வாக்கில் கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். அதைச் சலித்து மாடித் தொட்டிக்குப் போடலாம். செடி இல்லாதவர்கள் தெருவில் நிற்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் அடியில் கொட்டிவிடலாம், அவை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

நான்காம் படி: நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம்ம பக்கம் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் எப்போதோ ஒருமுறை வருவது நல்ல தண்ணி, போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். கோவைக்குச் சிறுவாணியிலிருந்து மலையைக் குடைந்து வருகிறது, பில்லூரிலிருந்து பல கிலோமீட்டர் குழாயில் வருகிறது. வறண்டு கிடந்த நம் குளம் குட்டைகள் 1,045-க்குப் பவானியின் உபரி நீரை மோட்டார் வைத்து மேலேற்றிக் கொண்டு வர அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்காக இரண்டு மூன்று தலைமுறை கேட்டுக்கொண்டே இருந்தது.

இவ்வளவு தூரம் வந்த தண்ணீரை நாம் என்ன செய்கிறோம்? புதுத் தண்ணி வருகிற அன்று, ‘பழசு’ என்று குடத்தில் மிச்சமிருப்பதைச் சலதாரையில் கவிழ்க்கிறோம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இது நடக்கும், எங்கள் வீட்டிலும் நடந்தது. மூடி வைத்த தண்ணீர் நான்கு நாளில் கெட்டுவிடாது. மனசு கேட்காவிட்டால் காய்ச்சிக் குடியுங்கள், இல்லையா, மாவுக்கு அரிசி ஊறப்போடுங்கள், செடிக்கு ஊற்றுங்கள். அன்றைக்குத் துணி துவைப்பதை வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கும் ஆகும். உப்புத் தண்ணியில் துவைத்த வெள்ளை வேட்டி பழுப்பேறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி அலசலின் அருமை தெரியும்.

அடுத்து சுத்திகரிப்புக் கருவி. ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் கொடுத்துவிட்டு அதைவிட அதிகமாக வெளியே தள்ளும். அந்தக் குழாயைச் சிங்க்குக்குள் விடாமல் ஒரு வாளிக்குள் விடுங்கள். வாளி சிங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் கை தானாகப் போகும். வீடு துடைக்க, வாசல் தெளிக்க, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு அது ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கிவிடும். நல்ல தண்ணி வருகிற வீட்டில் ஆர்ஓ கருவியே தேவைதானா என்பதும் ஒரு கேள்வி. தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது அணைத்தே கிடக்கிறது.

சொட்டும் குழாயைச் சும்மா விடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் போகும். வாஷர் ஐந்து பத்து ரூபாய், மாற்றக் கால் மணி நேரம். மேல்தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மெகா சீரியல் பார்க்க உட்காரும் வீடுகளுக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தேய்க்க வேண்டாம். ஒரு போசியில் தண்ணீர் வைத்து எல்லாவற்றையும் தேய்த்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் அலசுங்கள். முகம் கழுவும் குழாய்க்கு நுனியில் மாட்டும் சல்லடை மூடி வாங்கினால் காற்றோடு கலந்து வருவதால் தண்ணீர் குறைவாகச் செலவாகும், கைக்கு வித்தியாசம் தெரியாது.

சோப்புத் தூளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் காட்டுகிற அளவில் பாதி போதும், போட்டுப் பாருங்கள். நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தம் குறைவு. வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் பிறக்கும் நொய்யல் ஊருக்குள் வந்ததும் நுரைத்து ஓடுவதையும், குளத்தில் ஆகாயத்தாமரை தரை தெரியாமல் படர்வதையும் பார்த்திருப்பீர்கள். நொய்யல் என்றால் நமக்கு உடனே சாயப்பட்டறைதான் ஞாபகம் வரும். அது நியாயம்தான். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை இறுகியது. அந்த அளவுப் பிரச்சினையை வீட்டு வாளி தீர்க்காது. சட்டம் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் ஆற்றுக்குப் போகும் சாக்கடைத் தண்ணீர் நம் வீட்டிலிருந்துதான் போகிறது, அதில் நாம் கை வைக்க முடியும். தலைக்கு அரப்பும் சீயக்காயும் போடுகிற வீடுகள் இன்னும் நம்ம பக்கம் இருக்கின்றன. அரப்பு ஊஞ்ச மரத்து இலைதான்.

இடம் இருக்கிறவர்கள் குளியலறைத் தண்ணீரை ஒரு சின்ன மண் பாத்திக்கு விட்டு அதில் கல்வாழையும் சேம்பும் வாழையும் வைக்கலாம். பழைய பொடக்காலி அப்படியே திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமானது. குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, உள்ளே குருவி கூடு கட்டியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் 55,000 லிட்டருக்கு மேல் விழும், சேதாரம் போனாலும் 40,000 லிட்டர் உங்களுக்குத்தான். புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைக் கூட்டி, குழாய் அடைப்பை எடுத்து, வடிகட்டும் தொட்டியில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட்டுவிடுங்கள். முதல் மழையின் முதல் பத்து நிமிடத்தை வெளியே விடுங்கள், அழுக்கெல்லாம் அதில்தான் வரும். அப்புறம் வருவது தொட்டிக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ போகட்டும்.

ஐந்தாம் படி: மஞ்சப்பையும் தூக்குப்போசியும் வண்டியில் இருக்க வேண்டும்

வீட்டில் ஐம்பது துணிப்பை இருந்தும் கடையில் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. பை இருக்க வேண்டிய இடம் அலமாரி இல்லைங்க, வண்டி. சீட்டுக்கு அடியில் இரண்டு மஞ்சப்பை, ஒரு மெல்லிய துணிப்பை காய்கறிக்கு. வீட்டுக்கு வந்து காலி செய்த உடனே செருப்பு விடும் இடத்தில் சாவியோடு சேர்த்து மாட்டுங்கள். சாவி எடுக்கும்போது பையும் வரும்.

மஞ்சப்பை நமக்குப் புதுசில்லை. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைதான் அது. அதைக் கையில் பிடித்தால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நெய்யாத பைதான் ஆளை ஏமாற்றுவது. துணிக்கடையில் ‘துணிப்பை’ என்று கொடுப்பார்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துப் பாருங்கள், நெய்த துணியென்றால் நூல் பிரியும். இது பிரியாது, கிழியும், வெயிலில் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். அது பிளாஸ்டிக்தான்.

ஓட்டலில் பார்சல் வாங்கினால் கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் போட்டுக் கொடுப்பார்கள். இதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். ஒரு தூக்குப்போசி, ஒரு சின்னச் சட்னி டப்பா போதும். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாம் நாள், “போசி கொண்டாந்தீங்களா, கொடுங்க” என்று அவரே கை நீட்டுவார். போசியில் ஊற்றும்போது சாம்பார் கொஞ்சம் கூடவே விழும் என்பது என் அனுபவம். கறிக்கடைக்கும் அதேதான்.

காய்க்கு உழவர் சந்தையும் வாரச் சந்தையும் நல்லது. அங்கே எதுவும் பொட்டலத்தில் வருவதில்லை, பையைத் திறந்து பிடித்தால் தராசிலிருந்து நேராக விழும். நீலகிரிக்குப் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள், மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கான கட்டுப்பாடு கண்டிப்பாகவே இருக்கிறது.

ஆறாம் படி: தீப்பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்

காலையில் வாசல் கூட்டி, சருகைக் குவித்து, அதோடு இரண்டு கவரையும் சேர்த்துக் கொளுத்துவது நம்ம பக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். செய்ய ஒன்றுமில்லை, செய்யாமல் இருந்தால் போதும். பிளாஸ்டிக் அப்படி அரைகுறைச் சூட்டில் எரியும்போது டயாக்சின் மாதிரி நச்சுகள் வரும், அந்தப் புகை முதலில் நுழைவது கொளுத்தியவர் வீட்டு ஜன்னலில். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. சருகு உங்கள் வாளிக்கு வேண்டிய காய்ந்த பொருள். சாக்கில் கட்டி வைத்தால் நார்த்தூள் வாங்கும் செலவும் மிச்சம்.

பக்கத்து வீட்டுக்காரர் எரித்தால்? சண்டைக்குப் போகாதீர்கள். “அந்தச் சருகு எனக்கு வேணுமுங்க, எரிக்காம வையுங்க, நானே வந்து அள்ளிக்கிறேன்” என்று கேளுங்கள். நான் அப்படித்தான் மூன்று வீட்டுச் சருகை வாங்குகிறேன்.

நம்ம பக்கம் போகி என்றால் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கட்டி வீட்டு முகப்பில் செருகுவோம். டயரைக் கொளுத்துவது அதில் எங்கேயும் இல்லை.

ஏழாம் படி: கரண்ட்டு

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், கணக்குத்தான். பழைய மின்விசிறி 75 வாட் வாக்கில் இழுக்கும், புது பிஎல்டிசி விசிறி 30 வாட் வாக்கில். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். அதிகம் ஓடுவது எதுவோ அதை முதலில் மாற்றுங்கள், பூஜை அறை விசிறியை மாற்றி ஒன்றும் ஆகப் போவதில்லை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால் இந்த 32-க்கு மதிப்பு இன்னும் கூடும்.

ஏசியை 25, 26-ல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். அதைவிட நல்ல வழி நமக்கு இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய். வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். புது வீடுகளில் மேற்குப் பக்க ஜன்னலை வெயிலுக்குப் பயந்து சாத்தியே வைத்துவிடுகிறார்கள். வெயில் இறங்கியதும் ஐந்தரை மணிக்கு மேற்கையும் கிழக்கையும் திறந்து விடுங்கள். கொசுவலை அடித்துக்கொண்டால் ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கலாம்.

சொந்த வீடும் மாடியும் இருந்தால் சோலார் யோசியுங்கள். ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். போட்டவர்கள் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷினைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி, நோம்பி (பண்டிகை), தோட்டம்: இடையில் வருகிற மூன்று

திருப்பூரில் இருந்துகொண்டு துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏற்றுமதியில் தள்ளிய டீசர்ட்டு மலிவாகக் கிடைப்பதால் தேவையே இல்லாமல் நாலைந்து வாங்கி வருவோம். ஒரு பருத்தி டீசர்ட்டு உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பீரோவில் ஒன்று வெளியேறினால்தான் ஒன்று உள்ளே என்று வைத்துக்கொண்டோம். வெளியேறுவது துடைக்கிற துணியாகும். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியும் இதற்கு அருமை, டிஷ்யூ பேப்பர் எங்கள் வீட்டில் கிடையாது.

நோம்பி, சீர், கல்யாணம் என்றால் எல்லாப் பழக்கமும் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போகும். இலைக்கு இலை குட்டித் தண்ணீர் பாட்டில், பாதி குடித்து மூடி திறந்தபடி கிடக்கும். மண்டபம் பேசும்போதே எவர்சில்வர் டம்ளரும், தண்ணீர் ஊற்ற இரண்டு ஆளும் வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டாசு விஷயத்தில் ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோட்டைப் பார்க்கலாம். அங்கே சரணாலயத்துக் குளத்தில் தங்கும் பறவைகளுக்காகச் சுற்று வட்டார ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள். திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2024-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தக் கரையில் போய் உட்கார்ந்து தின்றுவிட்டு வருபவர்கள் கவரை மட்டும் திரும்ப எடுத்து வந்தால் போதும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடாதீர்கள். கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் சேர்ந்துதான் காங்கயம் மாட்டை வளர்த்தன. வேலியில் ஓணானும் கௌதாரியும் குடியிருக்கும், கம்பியில் எதுவும் இருக்காது.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடை

முதல் படியில் செய்ததை மறுபடி செய்யுங்கள். எங்கள் வீட்டில் தினமும் போன பை இப்போது வாரத்துக்கு ஒன்று, அதுவும் பாதி. உள்ளே கிடப்பதெல்லாம் சிப்ஸ் பாக்கெட், மாத்திரை அட்டை, பார்சல் கவர். மாத்திரை அட்டைக்கு வழி தெரியவில்லை. சிப்ஸுக்குப் பதில் வாரம் ஒரு நாள் வாழைக்காய் வறுக்கலாம் என்று ஒப்பந்தம், அது பாதி நாள்தான் நடக்கிறது.

போன மாதம் அப்புச்சி வந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டது, மாடி ஏறச் சிரமப்பட்டார். வந்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, பொடக்காலியே இல்லாம எப்படி இருக்கறீங்க?” என்றார். நான் பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, மூக்கருகில் கொண்டு போனார். விரலிடுக்கில் உதிர விட்டுப் பார்த்தார்.

“அடியில இன்னும் ஈரம் கெடக்குது கண்ணு. நாளைக்கு ஒருக்காக் கெளறி உட்ரு” என்றார்.